தொழிற்கூடத்திலிருந்து ஊருக்கு: தமிழகத்தில் தொழில்வழி மனநலச் சிகிச்சையின் வரலாறும் சாயர்புரம் வட்டாரத்தின் தேவையும்

ஆய்வுச்சுருக்கம்

மனநோயுற்றோரைப் பணியில் ஈடுபடுத்தும் வழக்கம் தமிழகத்தில் ஈரு நூற்றாண்டுக் காலப் பின்புலம் உடையது. குடியேற்றக் காலக் காப்பகத்தில் தொடங்கி, கீழ்ப்பாக்கத் தொழிற்கூடம், வேலூர் மருத்துவமனை, தன்னார்வ நிறுவனங்கள் வழியாக, 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் வரை அவ்வழக்கம் அடைந்த மாற்றங்களை இக்கட்டுரை ஆராய்கிறது. 'தொழில்' என்னும் சொல்லுக்குத் தமிழ் இலக்கண மரபு தரும் விரிந்த பொருளை ஆய்வுக் கருவியாகக் கொண்டு, ஒவ்வொரு காலமும் பணியின் எக்கூறுகளைக் கருதியது, எவற்றை விடுத்தது என்பதைக் கண்டறிகிறது. தூத்துக்குடி மாவட்டச் சாயர்புரம் வட்டாரத்தின் பனை, உப்பளம், கடல் சார்ந்த வாழ்க்கையை முன்வைத்து, தொழில்வழிச் சிகிச்சையாளரின் ஆலோசனைப் பணி சமூக மனநலத்திற்கு ஏன் இன்றியமையாதது என்பதை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: தொழில்வழிச் சிகிச்சை, சமூக மனநலம், கீழ்ப்பாக்கம், ஏர்வாடி, சாயர்புரம், தொழில் முதனிலை.

முன்னுரை

தூத்துக்குடிக்குத் தென்மேற்கே அமைந்த சாயர்புரம், சாயர் என்னும் வணிகர் அளித்த நிலத்தில் கிறித்தவர்கள் குடியேறியதால் அவர் பெயரைப் பெற்ற ஊர். 1842இல் இங்கு வந்த ஜி. யு. போப் கல்விப்பணியில் ஈடுபட்டார். பிற்காலத்தில் தமிழ் இலக்கண நூல்களை இயற்றியும், திருக்குறளை 1886இலும் திருவாசகத்தை 1900இலும் ஆங்கிலத்தில் வெளியிட்டும் அவர் புகழ்பெற்றார். 1962இல் இவ்வூரில் தொடங்கப்பெற்ற கல்லூரி அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. இவற்றால் சாயர்புரம் கல்வி வரலாற்றில் இடம்பெற்றுள்ளது. இவ்வட்டாரத்து மக்களின் உழைப்பு வரலாறும் நலவாழ்வு வரலாறும் தனித்தனியே பேசப்படுகின்றன. இரண்டும் சந்திக்கும் இடம் போதிய கவனம் பெறவில்லை.

மனநோயிலிருந்து மீளும் ஒருவர் எப்போது நலமடைந்தவராகிறார் என்னும் வினாவிற்கு மருத்துவர் நோய்க்குறிகள் தணிந்தமையை விடையாகக் கூறுவர். 'அவன் வேலைக்குப் போகிறானா? அவள் வீட்டுக் காரியத்தைப் பார்க்கிறாளா?' என்று ஊரார் கேட்பர். ஊராரின் இக்கேள்வியையே துறைசார் அறிவாக வளர்த்தெடுத்தது தொழில்வழிச் சிகிச்சை. எனினும் தமிழகத்தின் அரசுசார் சமூக மனநலக் கட்டமைப்பில் அத்துறைக்கு உறுதியான இடம் அமையவில்லை. இந்நிலை உருவான வரலாற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

'தொழில்' என்னும் சொல்லின் பரப்பு

இத்துறையைக் குறிக்கத் தொழில்வழி மருத்துவம், தொழில்சார் சிகிச்சை, செயல்முறைச் சிகிச்சை எனப் பல பெயர்கள் தமிழில் வழங்குகின்றன. இக்காலப் பேச்சில் 'தொழில்' என்பது வருவாய் தரும் பிழைப்பையே குறிக்கிறது. எனவே இச்சிகிச்சையைக் கைத்தொழில் கற்பிக்கும் பயிற்சியாகப் பலர் கருதுகின்றனர். இத்துறை கொண்டிருக்கும் பொருள் அதனினும் பரந்தது. குளித்தல், உண்ணல், உடுத்தல், சமைத்தல், கடைக்குச் செல்லல், விளையாடல், வழிபடல், உறங்கல் என ஒருவர் தம் நாளை நிரப்பும் செயல்கள் அனைத்தும் இதன் எல்லைக்குள் அடங்கும்.

தமிழ் இலக்கண மரபில் 'தொழில்' இவ்விரிந்த பொருளிலேயே ஆளப்பட்டது. செயலின் பெயராய் அமையும் சொல்லை இலக்கணிகள் தொழிற்பெயர் என்றனர். நடத்தலும் உண்ணலும் உறங்கலும் தொழிற்பெயர்களே. இறைவனின் செயல்களைச் சைவ மரபு ஐந்தொழில் என்கிறது. தொல்காப்பியம் சொல்லதிகாரத்தின் வேற்றுமை மயங்கியல் ஒரு தொழில் நிகழ்வதற்குரிய முதனிலைகளை எட்டாக வகுக்கிறது. செயல், செய்பவர், செயப்படுபொருள், இடம், காலம், கருவி, இன்னார்க்கு என்பது, இன்ன பயனுக்கு என்பது என அவற்றை விளக்கலாம்.

இது வேற்றுமைப் பொருளை விளக்க எழுந்த இலக்கண வகைப்பாடு. இதில் மருத்துவக் கொள்கையைத் தேடுவது பொருந்தாது. ஆயினும் ஒரு செயலை முழுமையாக அறிய எவற்றைக் கேட்க வேண்டும் என்பதை இவ்வெட்டும் தெளிவுறக் காட்டுகின்றன. செய்பவர், சூழல், செயல் ஆகிய மூன்றின் பொருத்தத்தை ஆராயும் இக்காலத் தொழில்வழிச் சிகிச்சையும் ஏறத்தாழ இவ்வினாக்களையே எழுப்புகிறது. ஆதலின் இவற்றை அளவுகோலாகக் கொண்டு கடந்தகால நடைமுறைகளை மதிப்பிடலாம்.

காப்பகத்தின் கணக்கேடு

1794இல் சென்னைப் புரசைவாக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவர் வாலன்டைன் கொனாலி மனநோயாளர்களுக்கான இல்லம் ஒன்றை நிறுவினார். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1796இல், இங்கிலாந்தின் யார்க் நகரில் வில்லியம் டியூக்கின் முயற்சியால் 'ரிட்ரீட்' இல்லம் திறக்கப்பட்டது. விலங்கிடுவதைக் குறைத்து, தோட்டவேலை, தையல், உரையாடல் ஆகியவற்றால் நோயாளரின் தன்மதிப்பை மீட்கலாம் என்னும் கருத்து அங்கு உருப்பெற்றது. 'ஒழுக்கவழிச் சிகிச்சை' எனப்பட்ட இக்கருத்து பத்தொன்பதாம் நூற்றாண்டில் பரவியது.

பிரிட்டிஷ் இந்தியாவில் 1858ஆம் ஆண்டுச் சட்டம் காப்பகங்களை ஒழுங்குபடுத்தியது. சென்னைக் காப்பகம் 1871இல் 145 நோயாளர்களுடன் கீழ்ப்பாக்கத்தில் செயல்படத் தொடங்கியது. இக்காலக் காப்பகங்களின் ஆண்டறிக்கைகளில் எத்தனை பேர் பணியில் ஈடுபட்டனர், என்ன விளைவித்தனர், எவ்வளவு தொகை மிஞ்சியது என்னும் செய்திகள் இடம்பெறுவது வழக்கம். தோட்டவேலை, நெசவு, கயிறு திரித்தல் போன்றவை இந்திய நோயாளர்களுக்கு உரியவையாயின. ஐரோப்பிய நோயாளர்கள் உடலுழைப்பிலிருந்து பெரும்பாலும் விலக்கப்பட்டனர். பணி நோயைத் தணிக்கும் மருந்தெனில் அது இனம் பார்த்து வழங்கப்பட்டது ஏன் என்னும் வினா இயல்பாக எழுகிறது. மனநல மருத்துவ வரலாற்றாசிரியர் வால்ட்ராட் எர்ன்ஸ்ட் காப்பகப் பணியின் இவ்விரட்டைத் தன்மையை விரிவாக ஆராய்ந்துள்ளார். சிகிச்சை நோக்கமும் சிக்கன நோக்கமும் ஒரே பணியில் பிரிக்க இயலாதவாறு கலந்திருந்தன.

தொழில் முதனிலைகளின்படி நோக்கினால், காப்பகக் கணக்கேடு செயலையும் செயப்படுபொருளையும் பதிவுசெய்தது. செய்பவர் அங்கே எண்ணாகச் சுருங்கினார். யாருக்காக, என்ன பயனுக்காக என்னும் வினாக்களுக்கு நிறுவனமே விடையாயிற்று.

அதே காலத்தில் திருநெல்வேலிச் சீமையின் சமயத் தொண்டு நிறுவனங்களும் கைத்தொழிலை மறுவாழ்வின் வழியாகக் கொண்டன. இடையன்குடியில் கால்டுவெல் குடும்பத்தார் பெண்களுக்குப் பின்னல்வேலை கற்பித்தனர். 1876–78 பஞ்சத்தின்போது நாசரேத்தில் பணியேற்றிருந்த ஆர்தர் மர்காஷிஸ், 1878இல் அங்கு கைத்தொழிற்பள்ளியை நிறுவினார். இவை மருத்துவ முயற்சிகள் அல்ல. எனினும் சிதைந்த வாழ்வைக் கைவினையால் சீரமைக்கலாம் என்னும் நம்பிக்கை சாயர்புரம் வட்டாரத்திற்கு அயலிலேயே வேரூன்றியிருந்ததை இவை காட்டுகின்றன. இங்கும் பிழைப்பு என்னும் பயனே முதன்மை பெற்றது.

துறையின் தோற்றமும் இந்திய வருகையும்

1917இல் அமெரிக்காவின் கிளிஃப்டன் ஸ்பிரிங்ஸ் நகரில் கூடிய சிலர் தொழில்வழிச் சிகிச்சைக்கான தேசியச் சங்கத்தைத் தோற்றுவித்தனர். மனநல மருத்துவர் அடால்ஃப் மேயர் 1920களின் தொடக்கத்தில் இத்துறைக்குக் கொள்கை விளக்கம் அளித்தார். வேலை, விளையாட்டு, ஓய்வு, உறக்கம் ஆகியவற்றின் ஒத்திசைவு குலைவதை மனநோயின் முக்கியக் கூறாகக் கண்டார் அவர். காலத்தைப் பயன்படுத்தும் முறை நலவாழ்வின் அளவுகோலாக முன்வைக்கப்பட்டதும், உற்பத்தி என்னும் பழைய அளவுகோல் பின்தள்ளப்பட்டது.

இந்தியாவில் இத்துறைக் கல்வியைத் தொடங்கியவர் கமலா நிம்ப்கர். அமெரிக்காவில் பிறந்து இந்தியரை மணந்து இந்நாட்டிலேயே வாழ்ந்த அவர், 1950இல் பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையில் முதல் பயிற்சிப் பள்ளியை அமைத்தார். 1952இல் அகில இந்தியத் தொழில்வழிச் சிகிச்சையாளர் சங்கம் தோன்றியது. அதே ஆண்டில் உலகக் கூட்டமைப்பை நிறுவிய நாடுகளுள் இந்தியாவும் ஒன்றாயிற்று.

வேலூரும் கீழ்ப்பாக்கமும்

தமிழகத்தில் இக்கருத்து வளர்ந்த களங்களுள் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரி குறிப்பிடத்தக்கது. தொழுநோயால் மடங்கிய கைகளை அறுவை மருத்துவத்தால் சீராக்கிய பால் பிராண்ட் எதிர்பாராத சிக்கல் ஒன்றைச் சந்தித்தார். கைகள் சீரானபின் நோயாளர்களுக்குப் பிச்சை கிடைப்பது அரிதாயிற்று. நோயின் வடு காரணமாக வேலையும் கிடைக்கவில்லை. உடலுறுப்பு மீண்டது, வாழ்க்கை மீளவில்லை. எனவே தச்சுவேலை முதலியவற்றைக் கற்பிக்கும் நவஜீவ நிலையத்தை அவர் உருவாக்கினார். உணர்விழந்த கைகள் காயப்படாதவாறு கருவிகளின் பிடிகளையும் வேலை செய்யும் முறைகளையும் மாற்றியமைப்பது அங்கே சிகிச்சையின் பகுதியாயிற்று. செய்பவரின் இயல்புக்கேற்பக் கருவி திருத்தப்பட்டமை இங்குக் கவனத்திற்குரியது.

அதே நிறுவனம் 1957இல் பாகாயத்தில் தொடங்கிய மனநல மையம், நோயாளருடன் குடும்பத்தினரும் தங்கும் முறையைக் கைக்கொண்டது. அமிர்தசரஸ் மருத்துவமனையில் வித்யா சாகர் 1950களில் மேற்கொண்ட இத்தகைய முயற்சியுடன் இது ஒப்பிடத்தக்கது. உறவினர் உடனிருந்ததால் சமைத்தல், பேணுதல், உடனுண்ணல் ஆகிய அன்றாடச் செயல்கள் மருத்துவமனைக்குள்ளும் தொடர்ந்தன.

சென்னையில் 1961 முதல் 1978 வரை அரசு மனநல மருத்துவமனையின் கண்காணிப்பாளராக விளங்கிய டாக்டர் சாரதா மேனன் காலத்தில் கீழ்ப்பாக்கம் மாறத் தொடங்கியது. 1970களில் அங்கே தொழிற்கூடச் சிகிச்சை மையம் செயல்பட்டது. நோயாளர்கள் பழகிய தொழில்கள் வெளியுலகில் பயன்படவேண்டும் என்னும் நோக்கு இதன் அடிப்படை. மருத்துவமனை மதிலுக்குள் பழகிய ஒழுங்கு ஊரில் அப்படியே கிட்டுவதில்லை என்பது இத்தகைய தொழிற்கூடங்கள் எங்கும் எதிர்கொள்ளும் எல்லை. பணி நேரத்தை வரையறுக்கும் மேற்பார்வையாளரும் நோயை அறிந்த உடன்பணியாளரும் ஊரில் இருப்பதில்லை. தொல்காப்பியர் கூறும் இடமும் காலமும் இங்கு விடுபட்டன எனலாம்.

அளவுகோலின் மாற்றம்

பணி ஓய்வுக்குப்பின் சாரதா மேனன் 1984இல் மனச்சிதைவு நோய் ஆய்வு அறக்கட்டளையை நிறுவினார். ஸ்கார்ஃப் என அறியப்படும் அந்நிறுவனத்தின் ஆய்வாளர்கள், சென்னையில் முதன்முறை மனச்சிதைவுக்கு ஆளான 90 பேரைப் பத்தாண்டுகளுக்கு மேலாகத் தொடர்ந்து கவனித்தனர். ஆண்களின் வேலைத்திறனை ஆராய்ந்ததோடு பெண்களின் இல்லப்பணித் திறனையும் தனியே ஆராய்ந்தமை அவர்களது சிறப்பு. ஊதியமற்ற இல்லப்பணியும் ஆய்வுக்குரிய தொழில் என்னும் நிலை இதனால் வலுப்பெற்றது.

2002இல் இந்திய மனநல மருத்துவர் சங்கத்தின் மறுவாழ்வுக் குழு, மனநோயால் விளையும் இயலாமையை அளக்கும் அளவுகோலை வகுத்தது. தன்பேணல், பிறருடன் பழகுதல், கருத்துப் பரிமாற்றமும் புரிதலும், பணி ஆகிய நான்கு கூறுகளை அது மதிப்பிடுகிறது. பணி என்னும் கூறு ஊதிய வேலை, இல்லப்பணி, கல்வி என மூவகையாகக் கொள்ளப்பட்டது. இயலாமைச் சான்றிதழ் பெறுவதற்கு இவ்வளவுகோல் பயன்படுவதால், ஒருவர் குளிப்பதும் பேசுவதும் அரசு ஆவணத்தில் இடம்பெறும் செய்திகளாயின.

1993இல் சென்னையில் தோன்றிய பேனியன் அமைப்பு இதனை மேலும் முன்னெடுத்தது. நெடுங்காலம் நிறுவனங்களில் வாழ்ந்தவர்கள் சிலராகச் சேர்ந்து ஊருக்குள் வாடகை வீட்டில் வாழும் 'ஹோம் எகெய்ன்' திட்டத்தை 2015இல் அது தொடங்கியது. இன்று என்ன சமைப்பது, யார் கடைக்குச் செல்வது, பண்டிகையை எவ்வாறு கொண்டாடுவது என்னும் முடிவுகளே அவ்வீடுகளில் சிகிச்சையின் உள்ளடக்கம். தொழிற்பெயரின் பொருளில் 'தொழில்' மீண்டும் ஆளப்பட்ட இடம் இது.

ஏர்வாடியும் சட்டமும்

2001 ஆகஸ்ட் 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் மனநலக் காப்பகத்தில் எழுந்த தீ, சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்த 28 பேரின் உயிரைப் பறித்தது. தர்காவை நம்பி வந்த குடும்பங்கள் தம் உறவினரை அங்கு விட்டுச்சென்றமைக்கு வறுமை, அறியாமை ஆகியவற்றோடு மற்றொரு காரணத்தையும் கூறவேண்டும். ஊரில் அவர்கள் ஆற்றுவதற்கு ஒரு செயலும், அச்செயலுக்குத் துணைநிற்கும் ஓர் ஏற்பாடும் இல்லை. சங்கிலி அந்த வெறுமையின் இறுதி வடிவம். உச்ச நீதிமன்றம் தானே முன்வந்து வழக்கைக் கையிலெடுத்தபின் அத்தகைய காப்பகங்கள் மூடப்பட்டன. மூடப்பட்ட காப்பகங்களுக்கு மாற்றாக ஊர்தோறும் எதை அமைப்பது என்னும் வினா மட்டும் தொடர்ந்தது.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் அதற்குச் சட்ட வடிவில் விடை தர முயன்றது. அதன் 19ஆம் பிரிவு சமூகத்தில் வாழும் உரிமையை ஏற்கிறது. 20ஆம் பிரிவு, மனநல நிறுவனத்தில் எவரையும் பணி செய்யக் கட்டாயப்படுத்தலாகாது என்றும், செய்த பணிக்கு உரிய ஊதியம் தரவேண்டும் என்றும் வரையறுக்கிறது. குடியேற்றக் காலக் கணக்கேடு தொடங்கி வைத்த நெடிய வழக்கத்திற்கு இப்பிரிவு எழுதிய மறுப்புரை போல அமைந்துள்ளது. யாருக்காக, என்ன பயனுக்காக என்னும் இரு முதனிலைகளும் முதன்முறையாக நோயாளரின் உரிமையாயின.

ஆயின் இச்சட்டத்தில் ஓர் இடைவெளி உண்டு. மனநல வல்லுநர் என்பதற்கு அது தரும் வரையறையில் மனநல மருத்துவர், மருத்துவ உளவியலாளர், மனநலச் செவிலியர், மனநலச் சமூகப் பணியாளர் முதலியோர் இடம்பெறுகின்றனர். தொழில்வழிச் சிகிச்சையாளர் பெயர் சுட்டப்படவில்லை. 2021இல் இயற்றப்பட்ட துணைநிலை மருத்துவத் தொழிலர் ஆணையச் சட்டம் அவர்களை அங்கீகரிக்கிறது. ஒரு சட்டம் ஏற்கும் துறைக்கு மற்றொரு சட்டத்தின் களத்தில் இடமில்லை.

மாவட்ட மனநலத் திட்டத்திலும் இதுவே நிலை. பெல்லாரியில் நடந்த முன்னோடி முயற்சியைப் பின்பற்றி 1996இல் தொடங்கிய இத்திட்டத்தின் முதற்கட்ட மாவட்டங்களுள் திருச்சிராப்பள்ளி ஒன்று. மருத்துவர், உளவியலாளர், சமூகப் பணியாளர், செவிலியர் என அமையும் அதன் குழுவில் தொழில்வழிச் சிகிச்சையாளர் சேர்க்கப்படவில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் இயன்முறை மருத்துவத்தை இல்லத்திற்கே கொண்டு சென்றது. அதே வழியில் மனநலம் சார்ந்த தொழில்வழி ஆலோசனையையும் கொண்டு செல்லலாம் என்பதற்கு அது முன்னுதாரணமாகிறது.

சாயர்புரம்: இடமும் காலமும்

இவ்விடைவெளியின் விளைவு சாயர்புரம் போன்ற வட்டாரத்தில் தெளிவாகப் புலப்படும். இப்பகுதியின் உழைப்பு பருவத்தைச் சார்ந்தது. பனையேறுவோருக்குப் பதநீர்க் காலமே ஆண்டின் அச்சு. பதநீரைக் காய்ச்சிக் கருப்பட்டியாக்குவது பெரும்பாலும் பெண்களின் பணி. தூத்துக்குடி உப்பளங்களில் வெயிலுக்கு முன்பாக வேலை தொடங்கும். வடகிழக்குப் பருவமழை வந்ததும் உற்பத்தி நிற்கும். கடலோரத்தில் ஏப்ரல் 15 முதல் 61 நாள்கள் விசைப்படகு மீன்பிடிப்புக்குத் தடை. நூற்றாண்டுகளாகப் புகழ்பெற்றிருந்த முத்துக்குளிப்போ 1961ஆம் ஆண்டுப் பருவத்துடன் ஓய்ந்தது. ஒரு தொழில் மறையும்போது வருவாயுடன் அத்தொழில் தந்த பெயரும் நாள்முறையும் மறைகின்றன.

இத்தகைய சூழலில் மருந்துச்சீட்டு மட்டும் போதுமானதாகாது. மனச்சிதைவுக்குரிய மருந்துகள் பலவும் உறக்கக்கலக்கத்தையும், எழும்போது இரத்த அழுத்தம் தாழ்வதால் தலைச்சுற்றலையும் விளைவிக்கக்கூடும். பனையேறுபவருக்கு அது உயிர் ஆபத்து. இருமுனைக் கோளாறுக்கு லித்தியம் உட்கொள்பவர் உப்பள வெயிலில் வியர்த்து நீரிழந்தால், இரத்தத்தில் அம்மருந்தின் அளவு நஞ்சாகும் அளவுக்கு உயரக்கூடும். இரவு மருந்தின் மயக்கம் தெளியாமல் விடியுமுன் வேலைக்குச் செல்லவேண்டியவர், மருந்தையோ வேலையையோ கைவிட நேர்கிறது. நோயாளர் ஒத்துழைக்கவில்லை என்று பதிவேட்டில் எழுதப்படும் பல நிகழ்வுகளின் பின்னால் இத்தகைய பொருத்தமின்மை இருக்கக்கூடும்.

தொழில்வழிச் சிகிச்சையாளரின் ஆலோசனைப் பணி இங்கேதான் தேவைப்படுகிறது. ஒரு மாவட்டத்தின் நோயாளர் அனைவரையும் ஒருவர் நேரில் நடத்த இயலாது. மருந்து வேளையை மாற்றுவது குறித்து மருத்துவரிடமும், மரமேறாமல் பதநீர் காய்ச்சும் பணியில் பங்கேற்பது குறித்துக் குடும்பத்திடமும், நிழலும் குடிநீரும் இடைவேளையும் குறித்து உப்பள உரிமையாளரிடமும், வகுப்பிற்குத் திரும்பும் மாணவர் குறித்து ஆசிரியரிடமும் அவர் பேசலாம். ஒவ்வொரு பேச்சும் ஒரு முதனிலையைத் திருத்துகிறது: முதலாவது காலத்தை, இரண்டாவது செயலை, மூன்றாவதும் நான்காவதும் இடத்தை.

இத்தகைய பரவலாக்கத்திற்குத் தமிழர் வாழும் மற்றொரு மண்ணில் சான்று உண்டு. போர்க்கால யாழ்ப்பாணத்தில் மனநல மருத்துவர்கள் மிகச் சிலரே இருந்த நிலையில், பேராசிரியர் தயா சோமசுந்தரமும் உடன்பணியாற்றியோரும் ஆசிரியர்கள், சுகாதாரப் பணியாளர்கள், ஊர்த் தொண்டர்கள் ஆகியோருக்கு அடிப்படைப் பயிற்சி அளித்தனர். வல்லுநரின் அறிவு ஊராரின் கைகளுக்குச் சென்றதால், மருத்துவமனையை எட்ட இயலாதவரும் துணை பெற வழி பிறந்தது.

முடிவுரை

தமிழகத்தில் மனநோயுற்றோரின் பணி காப்பகத்தில் சிக்கனத்தின் கருவியாகவும், தொழிற்கூடத்தில் பயிற்சியாகவும், அண்மைக்காலத்தில் உரிமையாகவும் கருதப்பட்டு வந்துள்ளது. ஒவ்வொரு கட்டத்திலும் தொழிலின் முதனிலைகளுள் சில கருதப்பட்டன, சில விடுபட்டன. சட்டம் 'யாருக்காக' என்னும் வினாவைத் தீர்த்துவைத்தது. எங்கே, எப்போது, எக்கருவியால் என்னும் வினாக்களைச் சட்டத்தால் தீர்க்க இயலாது. அவற்றுக்கு ஊரை அறிந்த வல்லுநர் வேண்டும்.

எனவே மாவட்ட மனநலக் குழுவில் தொழில்வழிச் சிகிச்சையாளரை ஆலோசகராகச் சேர்ப்பது, பருவத் தொழில்களின் கால அட்டவணையை மனநலப் பதிவேட்டில் இணைப்பது, இல்லப்பணியை மீட்சியின் அளவுகோலாக ஏற்பது ஆகியன இவ்வாய்விலிருந்து பெறப்படும் பரிந்துரைகள். சாயர்புரத்துப் பனையடியில் பதநீர்ப் பானையைக் கிளறும் ஒருவரின் கைகளைக் கண்டு, அவர் நலமடைந்து வருகிறார் என ஊர் அறிந்துகொள்கிறது. அவ்வறிவை மருத்துவப் பதிவேடும் ஏற்கும் வகையில் முறைப்படுத்துவது துறைசார் ஆய்வாளர்கள் முன்னுள்ள பணியாகும்.